கஸ்தூரி பெயர் வெட்டிய ராட்செட்

பைக்குள் கையை விட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த ராட்செட்டை வெளியே எடுத்தேன். துணியைப் பிரித்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சிவப்புக் கைப்பிடியில் பளிச்சென்று மஞ்சள் எழுத்துகள். 'கஸ்தூரி, ஜமுனாமரத்தூர்' என்று இருந்தது. பெயருக்கு முன்னால் ஒரு பூ, ஊருக்குப் பின்னால் ஒரு பூ. எங்கள் வீட்டுக் குடத்திலும் சம்படத்திலும் தினமும் பார்க்கிற அதே எழுத்து, அதே பூ.

கஸ்தூரி என் மனைவி.

மலை மேட்டில் இருக்கும் செல்போன் டவருக்குக் கீழே உள்ள பேட்டரி அறை அது. ஆள் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். உள்ளே வெக்கையும் ஒரு புளித்த வாடையும் எப்போதும் இருக்கும். பக்கத்தில் குந்தியிருந்த சேட்டு எட்டிப் பார்த்தான். சேட்டு என் கூட்டாளி. எங்கள் பங்குக்கு வந்த டவர்களில் நான் போகாததற்கு அவன் போவான், அவன் போகாததற்கு நான் போவேன், வேலை பெரிதாக இருந்தால் இரண்டு பேரும் போவோம்.

"சூப்பரா கீதுண்ணா. மங்களகரமா கீது. யாரு போட்டது?" என்றான்.

அந்தக் கைப்பிடியில் மஞ்சள் தெரிந்தால் என்ன அர்த்தம் என்பது சேட்டுக்கும் நன்றாகத் தெரியும். எழுத்தின் அழகில் ஒரு நிமிடம் மறந்துவிட்டான். பிறகு அவனுக்கும் உறைத்தது.

"ஐயையோ" என்றான்.

டவர்காரன்

போன வாரம் டவர் வேலிக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்ட கரடியோடு நிறுத்தியிருந்தேன். கரடிக்கு என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கரடி நலம்.

இந்த வாரம்தான் முதல் தடவையாக வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஜவ்வாது மலையில் செல்போன் டவர்களைப் பராமரிக்கிறவன். சொந்த ஊர் கணியம்பாடிப் பக்கம். வேலைக்காக ஜமுனாமரத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மலையில் என் பெயர் யாருக்கும் தெரியாது. டவர்காரன் என்றால் எல்லோருக்கும் தெரியும். சிக்னல் போனால் என்னைத் திட்டுவார்கள். சிக்னல் வந்தால் அது தானாக வந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

கரண்ட் போனாலும் டவர் பேசிக்கொண்டே இருப்பதற்குக் காரணம், அதன் காலடியில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் பேட்டரிகள். மற்ற மின்சாரத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யலாம். பேட்டரியை அணைக்க முடியாது. அதற்கு சுவிட்ச் கிடையாது. நாம் தொட்டாலும் தொடாவிட்டாலும் அதன் முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

அந்த முனைகளில் உள்ள போல்ட்டுகளைத்தான் நாங்கள் முடுக்கவும் கழற்றவும் வேண்டும். வெறும் இரும்பு ஸ்பேனரின் ஒரு நுனி போல்ட்டில் இருக்கும்போது மறு நுனி பக்கத்து முனையில் பட்டால் தீர்ந்தது. உள்ளே இருக்கும் மின்சாரம் முழுவதும் ஸ்பேனர் வழியாகப் பாயும். ஸ்பேனர் பழுத்துவிடும். பிடித்திருக்கும் கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காகத்தான் இந்த ராட்செட். உலோகம் வெளியே தெரியாதபடி தலை முதல் கால் வரை கெட்டியான காப்பு உறை போட்ட கருவி. இடுக்கில் நுழைத்துவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியே எடுத்து மாட்ட வேண்டியதில்லை. கைப்பிடியைச் சற்றே முன்னும் பின்னும் ஆட்டினால் போதும், போல்ட் சுற்றும். திரும்பி வரும்போது 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே ஒரு தடவை சுற்றிப் பார்க்க ஆசைப்படாதவர்களை நான் பார்த்ததில்லை.

உறை இரண்டு அடுக்கு. வெளியே சிவப்பு, உள்ளே மஞ்சள். செய்தவர்கள் வேண்டுமென்றேதான் இரண்டு நிறம் வைத்திருக்கிறார்கள். சிவப்பு தேய்ந்தோ கிழிந்தோ மஞ்சள் எட்டிப் பார்த்தால் கருவிக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அதை நம்பிக் கையில் பிடிக்கக்கூடாது.

சிவப்பைப் பற்றிக் கஸ்தூரிக்குச் சொல்லியிருந்தேன். மஞ்சளைப் பற்றிச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வரவே இல்லை.

உள்ளங்கைத் தழும்பு

ராட்செட் வருவதற்கு முன் எங்களிடம் இருந்தது சைக்கிள் டியூப் சுற்றிய ஸ்பேனர். டியூபை நீளமாக வெட்டி, ஸ்பேனர் மேல் இழுத்து இறுக்கி, நுனியில் நூல் கட்டுவோம். சேட்டு இதில் கைதேர்ந்தவன். அவன் சுற்றிக் கொடுத்தால் பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தது மாதிரி இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் அந்த டியூப் ஓரிடத்தில் வெடித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. போல்ட்டை முடுக்கும்போது ஸ்பேனரின் வால் பக்கத்து முனையில் பட்டது. அணுகுண்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது ஸ்பேனர் பேட்டரியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என் வலது உள்ளங்கைத் தோல் ஸ்பேனரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கஸ்தூரி முதலில் திட்டினாள். அப்புறம் அழுதாள். அப்புறம் சோறு பிசைந்து ஊட்டினாள். ஊட்டும்போது மறுபடியும் திட்டினாள். கல்யாணமான புதிதில்கூட எனக்கு அவள் ஊட்டியதில்லை என்பதால் நான் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு சும்மா இருந்தேன்.

கட்டுப் பிரிப்பதற்குள் அவள் போனில் தேடித் தேடி ஒரு வீடியோவைப் பிடித்துவிட்டாள். யாரோ ஒருவர் சிவப்புக் கைப்பிடி ராட்செட்டை வைத்துக்கொண்டு சாவகாசமாக பேட்டரியைக் கழற்றுகிறார். "இது இன்னாது? இத்த ஏன் உங்களுக்குத் தரல?" என்றாள். என் போனை எடுத்து நேராக சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்.

"சார், உங்க வூட்ல கைப்பிடி இல்லாத குக்கர்ல சமைப்பாங்களா?" என்று ஆரம்பித்தாள்.

"மேடம், இன்னா விஷயம்னு..."

"அப்ப எங்க வூட்டுக்காரரு மட்டும் எதுக்கு சார் வெறும் இரும்ப புடிக்கணும்? அந்த செவப்புக் கைப்பிடி இவருக்கு ஏன் வரல?"

"மேல எழுதியிருக்கேன் மேடம்."

"நீங்க மேல எழுதுங்க, கீழ எழுதுங்க. அது வர்ற வரைக்கும் இவரு வேலைக்கு வரமாட்டாரு. நான் உள்ள போட்டு கதவ சாத்தி வச்சிக்கீறேன்."

நான் அப்போது கதவுக்கு வெளியே, வாசலில் உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருந்தேன். ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை.

அதற்குப் பிறகு அவள் விடவே இல்லை. காலையில் அடுப்பில் பால் வைத்ததும் சூப்பர்வைசருக்கு ஒரு போன் போடுவாள். பால் பொங்குவதற்குள் பேசி முடித்துவிடுவாள். கடைசியில் ஒரு நாள் பெட்டி வந்தது. எனக்கு ஒன்று, சேட்டுக்கு ஒன்று, மலையில் வேலை செய்கிற மற்ற ஆட்களுக்கும் ஆளுக்கு ஒன்று. கஸ்தூரி எனக்கு வந்த ராட்செட்டைக் கையில் வாங்கி, 'கிர்ர்ர்' என்று சுற்றிப் பார்த்தாள். என் கை வெந்த நாளுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பெட்டி என் பெயருக்குத்தான் வந்தது. ஆனால் அது கஸ்தூரியின் ராட்செட் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஊர் சுற்றிய ராட்செட்

ஜமுனாமரத்தூரில் ஒரு நல்ல சாமான் இருந்தால் அது ஒரு வீட்டுச் சாமானாக இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். பவர் டில்லர்காரர் வருவார். சாமை அரைக்கிற மில்லில் இருந்து ஆள் வரும். ஜீப்காரர் வருவார். "அந்த கிர்ருனு சுத்துமே, அத்த கொஞ்சம் குடுங்க" என்பார்கள்.

"இது கம்பெனி சாமான், வெளியே தரக்கூடாது" என்று நான் சொல்வேன். "கம்பெனிக்கு யாரு சொல்லப் போறாங்க?" என்று அவர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதிலை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பலாப்பழத்தோடு வந்து கேட்டால் தேடுவதையும் நிறுத்திவிடுவேன்.

ஒரு தடவை ஜீப்காரரிடம் போன ராட்செட் அவரிடமிருந்து அவர் மச்சானுக்குப் போய், மச்சானோடு மலையிறங்கி, யாரோ ஒருவருடைய டிராக்டரைப் பார்த்துவிட்டு, பஸ் கண்டக்டர் கையில் திரும்பி வந்தது. நான் இந்த மலையைவிட்டு அவ்வளவு தூரம் போய் எத்தனையோ மாதமாகியிருந்தது.

கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை. "நான் சண்ட போட்டு வாங்குன சாமான். ஊரே அத்த வச்சிக்கினு சுத்துது" என்றாள். அதற்கு அவளிடம் ஒரு வழியும் இருந்தது.

எங்கள் பக்கத்துப் பெண்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் வெட்டாத பாத்திரம் வீட்டில் நிற்காது. குழம்பு ஊற்றிக் கொடுத்த கிண்ணம் நாலு வீடு சுற்றினாலும், அடியில் பெயர் இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் திரும்பி வந்துவிடும். கஸ்தூரியின் கிண்ணம் ஒன்று இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து எல்லாம் பார்த்துவிட்டு, உள்ளே யாரோ போட்ட லட்டோடு திரும்பி வந்திருக்கிறது. பெயர் வெட்டுவதில் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

பாத்திரக்கடை

சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து என்று நான் கணியம்பாடிக்குப் போயிருந்தேன். அந்தச் சமயத்தில் கஸ்தூரி ராட்செட்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு செங்கத்துக்கு பஸ் ஏறியிருக்கிறாள். செங்கத்தில் அவள் அக்கா வீடு. அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை. அங்கே நடந்ததை அவளே எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள் என்பதால், பக்கத்தில் இருந்து பார்த்தது மாதிரி என்னால் எழுத முடியும்.

பெயர் வெட்டுகிறவர் ராட்செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா பாத்திரம்மா?"

"கரண்டின்னு நெனச்சிக்கோங்க."

"கரண்டிக்கு ஏம்மா சத்தம் வருது?"

"அதெல்லாம் அப்படித்தான். பேரு போடுங்க. ஊரும் போடுங்க. ரெண்டு பக்கமும் பூ வேணும்."

அவர் மெஷினை வைத்தார். எவர்சில்வரில் அடம்பிடிக்கும் ஊசி இதில் வெண்ணெயில் போவது போல் போனது. முதல் எழுத்தின் சிவப்பு உரிந்ததும் அடியில் இருந்து மஞ்சள் வந்தது. கஸ்தூரி கைதட்டினாளாம்.

"மஞ்சள் வருது பாருங்க! நல்லா ஆழமா போடுங்க. குங்குமமும் மஞ்சளும் மாதிரி இன்னா அழகா கீது!"

கடையில் பாத்திரம் வாங்க வந்த பெண்கள் எல்லாம் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். பெயர் வெட்டுகிறவருக்கும் குஷி பிறந்துவிட்டது. பூவுக்கு இலை வைத்தார். இலைக்கு நரம்பு வைத்தார். ஸ் வந்த இடத்திலும் த் வந்த இடத்திலும் ர் வந்த இடத்திலும் புள்ளியை நன்றாக அழுத்தி வைத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, வேட்டித் துணியில் முன்னே இருந்தபடியே சுற்றி, என் பைக்குள் வைத்துவிட்டாள். நானாகப் பார்த்து மலைத்துப்போக வேண்டும் என்று ஆசை. மலைத்துப்போனேன், அதில் குறை ஒன்றும் இல்லை.

பொண்ணு வீட்டுப் போன்

இப்போது பேட்டரி அறைக்குத் திரும்பி வருகிறேன்.

நான் எழுத்துகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் மட்டும் இல்லை. அழுத்தி வைத்த புள்ளிகளுக்குள் இரும்பு மினுமினுத்தது. சரியாக என் உள்ளங்கை பிடிக்கும் இடம்.

"சேட்டு, உன்னோடத எடுத்துக்கினு வந்தியா?" என்றேன்.

"இல்லண்ணா. வூட்லயே வச்சிட்டேன். ஒண்ணு போதும்னு தானே சொன்ன?" போனை எடுத்தான். "இரு, மலருகிட்ட சொல்றேன். யார் கையிலனா குடுத்து அனுப்புவா."

மலர் சேட்டுவின் மனைவி. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"மலரு, அந்த செவப்புக் கைப்பிடி கீதுல்ல?"

"அதுவா? கஸ்தூரி அக்காகிட்ட நேத்தே குடுத்து அனுப்பிட்டேனே. உன் பேரு, என் பேரு, ரெண்டும் போடச் சொல்லி. நடுவுல ஒரு..."

நடுவில் என்ன என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. இரண்டு பேட்டரி செத்துப்போயிருந்ததால்தானே நாங்கள் அவற்றை மாற்ற வந்திருந்தோம்? டவரும் கூடவே அணைந்தது. சேட்டு கையில் இருந்த போன் ஊமையாகிவிட்டது.

சற்று நேரத்தில் வேலிக்கு வெளியே ஒரு குரல். கீழே இருக்கும் ஊரைச் சேர்ந்த காளியண்ணன். புளியும் சாமையும் போடுகிற விவசாயி. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே மேடு ஏறி வந்திருந்தார்.

"இன்னாப்பா டவர்காரா, சிக்னல அமுக்கிட்டியா? என் பையனுக்கு பொண்ணு பாத்துட்டு வந்தோம். பொண்ணு வூட்டுக்காரங்க இப்ப போன் பண்றேன்னு சொல்லிக்கீறாங்க. எடுக்கலன்னா புடிக்கலன்னு நெனச்சிக்குவாங்கப்பா!"

"கொஞ்சம் பொறுங்க, வேலை நடக்குது" என்றேன்.

"ரெண்டு பேரும் உக்காந்துக்கினு ஒரு கைப்பிடிய பாத்துக்கினு கீறீங்க. இதான் வேலையா?"

அவர் கண்ணுக்கு நாங்கள் அப்படித்தான் தெரிந்திருப்போம்.

சேட்டு என் காதருகில் வந்தான். "அண்ணா, டேப் சுத்திக்கலாம். நல்லா நாலு சுத்து. பாவம், பையன் கல்யாணம்."

அவன் சொன்னபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. டேப் சட்டைப் பையிலேயே இருந்தது. பத்து நிமிட வேலை. கஸ்தூரியின் பெயரையும் மறைத்துவிடலாம், காளியண்ணன் பையனுக்கும் கல்யாணம் ஆகிவிடும். டேப்பின் நுனியைத் தேடிப் பிரிக்கப் போனேன். நகத்தால் சுரண்டும்போது உள்ளங்கைத் தழும்பு கண்ணில் பட்டது. சைக்கிள் டியூபையும் இப்படித்தான் நம்பினேன். எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்வதற்கு வெட்கமில்லை.

"வேணாம் சேட்டு. வண்டிய எடு. சூப்பர்வைசர் இன்னிக்கு ஜமுனாமரத்தூர்லதான் கீறாரு. அவரோட செட்ட வாங்கினு வா."

சேட்டு போனான். சூப்பர்வைசர் செட்டை மட்டும் கொடுத்து அனுப்பாமல் தானே பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டார். நான் அவருடைய ராட்செட்டை வாங்கி வேலையை முடித்தேன். பழைய பேட்டரிகள் வெளியே, புதியவை உள்ளே. டவர் கண் விழித்தது. வேலிக்கு வெளியே காளியண்ணன் போன் கத்தியது.

"ஹலோ! சம்மதமா? சம்மதமா!" என்று அவர் மலைக்கே கேட்கிறாற்போல் கூவினார். எங்களைத் திரும்பிப் பார்க்காமலே கீழே இறங்கிப் போய்விட்டார். கல்யாணத்துக்கு மட்டும் மறக்காமல் கூப்பிட்டார்.

யார் சொல்வது

சூப்பர்வைசர் என் ராட்செட்டைக் கையில் வாங்கினார். பூவைப் பார்த்தார். இலை நரம்பைப் பார்த்தார். பெயரை வாசித்ததும் சட்டென்று என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இத்த யாரும் தெரியாம எடுத்து வேலைக்குப் புடிச்சிடக் கூடாது. உறைய மொத்தமா உரிச்சிட்டு போட்டோ அனுப்பு. புதுசு வர ஏற்பாடு பண்றேன்."

"அவகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்."

"நானா?" அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். வண்டியை இன்னும் யாரும் கிளப்பவில்லை. "நான் வேற ஊருக்கு மாத்தல் கேட்டு வாங்கிக்கினு கூட போவேன். மேடம்கிட்ட நீதான் சொல்லணும்."

சேட்டுவைப் பார்த்தேன். "எனக்கு சொல்றதுக்கு என் பொண்டாட்டியே இருக்கா" என்றான்.

அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் கஸ்தூரி கேட்டாள். "பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எல்லாரும் இன்னா சொன்னாங்க?"

"சூப்பர்வைசர் அசந்துட்டாரு" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பாட்டில் கத்திரிக்காய் வறுவல் இருந்தது. எனக்குப் பிடிக்குமென்று செய்திருந்தாள். அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சூப்பர்வைசரின் செட்டை இரவல் வாங்கி என் வண்டியின் பெட்ரோல் டேங்க் உறைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, பையில் கஸ்தூரியின் ராட்செட்டைத் தூக்கிக்கொண்டு போய் அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். மனைவிக்குத் தெரியாமல் வேறு பெண்ணோடு சுற்றுகிறவன்கூட இவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டான்.

சேட்டுவும் மலரிடம் சொல்லவில்லை. இதற்குள் விஷயம் பெரிதாகிவிட்டது. வேலை அதிகம் என்று கஸ்தூரி பாத்திரக்கடையில் விட்டுவந்த மலரின் ராட்செட் செங்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. 'சேட்டு' என்றும் 'மலர்' என்றும் இரண்டு பெயர், நடுவில் ஒரு மயில். மயிலைப் பார்த்த தெருப் பெண்களுக்குத் தூக்கம் போய்விட்டது. மலையில் வேலை செய்கிற மற்ற டவர்காரர்களின் மனைவிகள் கஸ்தூரிக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். அவள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு ஏற்பாடு செய்தாள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் எல்லாருடைய ராட்செட்டையும் புருஷன்களுக்குச் சொல்லாமல் ஒரே பையில் கொண்டுபோய், ஒரே நாளில் பெயர் வெட்டி வாங்கி வருவதென்று முடிவானது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே சாக்குப் பை நிறைந்துவிட்டது. அதைத் தூக்கிப் பார்த்தேன். இந்த மலையில் பேட்டரியைத் தொடுகிற அத்தனை பேருடைய கையும் அந்தப் பைக்குள் இருந்தது.

பரணில் இருந்த தவா

சனிக்கிழமை விடிந்ததும் கஸ்தூரி பூ வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் பரண் மேல் ஏறினேன்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு நான்ஸ்டிக் தவா உண்டு. வாங்கிய புதிதில், அவள் ஊரில் இல்லாத ஒரு நாள், அதில் நான் முட்டை ஊற்றி எவர்சில்வர் கரண்டியால் சுரண்டி எடுத்தேன். கறுப்புப் பூச்சு உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அவள் அதைத் தூக்கிப் போடவில்லை. தேவைப்படும்போதெல்லாம் எனக்கு எடுத்துக் காட்டுவதற்காகப் பரணில் பத்திரமாக வைத்திருந்தாள்.

தவாவைக் கீழே இறக்கித் தரையில் வைத்தேன். அதன் பக்கத்தில் அவளுடைய ராட்செட்டை வைத்தேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. இன்னாத்துக்கு இப்ப தவாவ எடுக்கறீங்க?"

"இதுல ஏன் நீ தோசை ஊத்தறதில்ல?"

"மேல கீற கோட்டிங்க நீங்கதான் சொரண்டிப்புட்டீங்களே. அப்புறம் எப்படி..."

அங்கே நின்றுவிட்டாள். தவாவைப் பார்த்தாள். ராட்செட்டைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

நான் மஞ்சளைப் பற்றிச் சொன்னேன். புள்ளிகளைப் பற்றிச் சொன்னேன். அவள் ராட்செட்டை ஜன்னலுக்கு எடுத்துப்போய் ஒவ்வொரு புள்ளியாகச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே இரும்பு மின்னியதை அவளும் பார்த்துவிட்டாள்.

"இத்த புடிச்சி எத்தினி தபா வேல செஞ்சீங்க?"

"ஒரு தபாகூட இல்ல. சத்தியமா."

"பொய் சொல்லாதீங்க."

"பெட்ரோல் டேங்க் உறைக்குள்ள போய் பாரு."

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவள் திட்டாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உறைய உரிச்சிடணும்னு சூப்பர்வைசர் சொன்னாரு" என்றேன். "அதெல்லாம் வேணாம் கஸ்தூரி. அழகா கீது. உன் பேரு. ஷோகேஸ்ல வச்சிக்கலாம். யாரும் எடுக்காம நான் பாத்துக்கறேன்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அருவாமனையோடு வந்தாள். காலால் மிதித்து உட்கார்ந்து, பூ இருந்த பக்கம் முதல் கீறலைப் போட்டாள். உறை கெட்டி, லேசில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பூ போனது. 'கஸ்தூரி' சுருள் சுருளாக வந்து தரையில் விழுந்தது. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் மஞ்சள்.

"இன்னா பண்ற? விடு, நான் உரிக்கறேன்."

"தள்ளுங்க. நான் போட்ட பேரு, நான்தான் எடுப்பேன்." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணில் இருந்து தண்ணீர் அருவாமனை மேல் சொட்டியது. "பேரு போனா போவுது. உங்க கை இருக்கட்டும்."

போட்டோ எடுக்க வேண்டும் என்பதுகூட மறந்துபோனது. அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.

உரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அருவாமனையைக் கையோடு எடுத்துக்கொண்டு மலர் வீட்டுக்குப் போனாள். தலை கலைந்து, கையில் அருவாமனையோடு அவள் தெருவில் நடந்து வருவதைப் பார்த்து, சேட்டு பின்கதவு வழியாக ஓடிவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். மயிலுக்காக மலர் கொஞ்ச நேரம் அழுதாளாம். சாக்குப் பையில் இருந்த மற்ற ராட்செட்டுகள் சிவப்பு குலையாமல் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

உறை இல்லாத ராட்செட் இப்போது எங்கள் வீட்டு ஜன்னலில் கிடக்கிறது. வெறும் இரும்பு. ஊரில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று கஸ்தூரி அறிவித்துவிட்டாள். ஆனால் அழகு போனதில் இருந்து ஒருவரும் கேட்டு வருவதில்லை. நானே பவர் டில்லர்காரரிடம் வலியப் போய்க் கேட்டேன். "இப்ப வேணாம்பா" என்றுவிட்டார்.

புது ராட்செட்டை சூப்பர்வைசர் நேரில் கொண்டுவந்தார். என்னிடம் தரவில்லை. இரண்டு கையாலும் கஸ்தூரியிடம் கொடுத்தார். அவள் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பழைய பேச்சு எதுவும் எடுக்கவில்லை. அவர் பாதி டீயிலேயே தைரியம் வந்து பிஸ்கட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை வண்டியைக் கிளப்பினேன். "நில்லுங்க" என்று குரல் வந்தது. கஸ்தூரி வாசலுக்கு வந்து பையில் இருந்து ராட்செட்டை எடுத்தாள். வெயிலில் பிடித்து மேலும் கீழும் திருப்பினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, கைப்பிடி முழுக்க விரலால் தடவிப் பார்த்தாள். கடைசியில் 'கிர்ர்ர்' என்று ஒரு சுற்று. இது இன்றுவரை ஒரு நாளும் தவறியதில்லை. வண்டியின் சத்தத்தில் நான் கேட்காமல் போய்விடுவேனோ என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்வாள்.

"மஞ்சள் தெரியல. போய்ட்டு வாங்க."